ஐந்தாவது கோடு

இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகி
பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது,
வேறு யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.
கபிரியேல் றோச், எழுபத்தெட்டு, ஜிந்துப்பிட்டி.
எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டேன்.
"நான் விழல்ல மிஸ். இறக்குனாங்க."

முப்பத்தாறு வருஷம்
துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர்.
நிமிர்ந்த கோடு நாலு, ஐந்தாவது குறுக்கே.
கோடு விழாத மூட்டை
கப்பலை விட்டே இறங்கவில்லை.

ஒப்பரேஷன் முடிந்த இரண்டாம் இரவு
கண்ணாடி லாச்சியில், காதுக்கருவி ஒரு பொட்டலத்தில்.
யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள்.
அவரைத்தான் தொலைத்திருந்தார்கள்.
வார்ட்டு முழுக்கத் தண்ணீர்,
கட்டிலெல்லாம் வத்தை,
நான் சுங்கத்து ஆள்.
சேலைன் வயரைக் கயிறென்று இழுத்தார்.
கையைக் கட்டுவோமா என்று
சோமலதா சிங்களத்தில் கேட்டாள்.

வேண்டாமென்று
கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன்.
கருவி காதில் கீச்சிட்டு அடங்கும்வரை நின்றேன்.
இது ஆஸ்பத்திரி. மணி இரண்டேகால்.
இடுப்பில் உங்களுக்குப் புது மூட்டு வைத்திருக்கு.
"எத்தன மூட்ட?"
ஒன்று.
"ஒரு மூட்டைக்கு இவ்வளவு சனமா"
என்றவர் தூங்கிப்போனார்.

இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டும்.
தொடைகளுக்கிடையே தலையணை,
முழங்கால் முழங்காலைத் தாண்டக்கூடாது,
குதிக்கால் மெத்தையில் முட்டக்கூடாது.
முதுகின் அடியில்
இரண்டு ரூபாய்க் குற்றியளவு சிவப்பு;
விரல் வைத்தால் வெளுக்கிறது,
எடுத்தால் திரும்புகிறது.
வெளுக்கும்வரை பயமில்லை.

புத்தி தெளிந்த இரவில்
புரட்டும் அட்டையின் ஓரத்தை அவருக்கு ஒதுக்கினேன்.
பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு.
கஞ்சிக் கரண்டிக்கு நடுங்கிய கை
பென்சிலுக்கு நடுங்கவில்லை.
ஆறு மணிக்கு, மருதானைப் பக்கம் ரயில் ஊத,
குறுக்கே ஒன்று.
பக்கத்துக் கட்டில் பியதாசவுக்கும் போட்டார்.
பியதாச தானாகவே புரளக்கூடியவர்.
தூக்கத்தில் புரண்டதெல்லாம் கணக்கில் ஏறியது,
பதினொன்று.

நாலாம் இரவு
லொறி மோதிய இருவர் சேர்ந்தாற்போல் வந்தார்கள்.
ஒருவருக்கு இரத்தம், ஒருவருக்கு எக்ஸ்ரே,
இருவருக்கும் நான்.
விடிய, அட்டைகளை நிரப்பக் குனிந்தேன்.
நாலு மணிக் கட்டத்தில்
'புரட்டப்பட்டது' என்றெழுத
என் கைக்கு யோசனை தேவையில்லை.
'பு' போட்டுவிட்டேன்.
ஓரத்தில் பார்த்தேன்:
நாலு கோடுகள், நிமிர்ந்தபடி.
குறுக்குக் கோடு இல்லை.

அவர் கூரைவிசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் அந்த 'பு'வை வெட்டினேன்.
சிவப்பில் விரல் வைத்தேன்.
வெளுத்தது,
யோசித்து யோசித்து.

மனைவி ரெஜினாவிடம்
வீட்டுக் கதிரை எவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தேன்.
மறுநாள் ஒரு சணல் நூல் கொண்டுவந்தார்.
இந்த முடிச்சு கட்டில். இது கதிரை.
கக்கூசு?
"அது நிலத்தோட மிஸ். முடிச்சு போட எடமில்ல."
நூலை அவர் முழங்காலோடு நிறுத்திப் பார்த்தோம்.
கட்டிலுக்குச் செங்கல் வேண்டும், காலுக்கு இரண்டு.
மற்றதற்கு, பிளாஸ்டிக் கதிரையின் நடுவில்
கீழ்வீட்டு ஃபவுஸான் ஓட்டை வெட்டித் தருவாராம்.
"வட்டமாவா சதுரமாவா" என்று கேட்டனுப்பியிருந்தார்.
வட்டம், விளிம்பைத் தேய்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

ஆறாம் நாள் நடைச்சட்டத்தோடு நின்றார்.
ஜன்னல்வரை பதினாலு எட்டு.
திரும்பி வந்ததும் பதினாலு
என்பதில் அவருக்குத் திருப்தி.

போகிற காலை, மழை.
முச்சக்கரவண்டி தாழ்வு, கூடாதென்று
யாருடையவோ வேன் பிடித்திருந்தார்கள்.
இடது காலை நீட்டி, இடுப்பை வளைக்காமல்,
பின்பக்கமாக ஏற்றினோம்.
கதவை மூடுமுன் அட்டையைத் தந்தார்,
தலையணைக்கடியில் இருந்து மடங்கியிருந்தது.
நாலாம் இரவின் வரிசைக்கு நேரே
சின்ன, சரிந்த எழுத்தில்:
குறைவு 1.
கீழே கையெழுத்து, திகதி.
அதற்குக் கீழே
எனக்கொரு கோடு இழுத்து விட்டிருந்தார்,
கையெழுத்திட.

வேனின் கூரையில் அட்டையை வைத்து,
நனைய நனைய,
போட்டேன்.